இரண்டு அலைகளுக்கு நடுவே

2021-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் சந்தனப் பேலாவும் பன்னீர்ச் சொம்பும் கற்கண்டுத் தட்டும் வைத்த மேசையில், அந்த மங்கலப் பொருள்களுக்குச் சமமாக ஓரிடம் கொடுத்து, கிருமிநாசினிப் புட்டி ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். முந்தைய ஐப்பசி முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், அதே மாதிரியான புட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டு, வருகிறவர் ஒவ்வொருவருடைய உள்ளங்கையிலும் இரண்டு சொட்டு விட்ட பிறகே உள்ளே போக விட்டான். இப்போது பையனைக் காணோம். புட்டியின் தலையை அழுத்தினேன், காற்றுத்தான் வந்தது. பந்தியில் இலைக்கு இலை இடைவெளி விடும் வழக்கமும் போய்விட்டிருந்தது. முகக்கவசத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். “ஒரு வழியா எல்லாம் முடிஞ்சுது சார்” என்று பக்கத்து இலைக்காரர் சொன்னதற்கு மனப்பூர்வமாகத் தலையை ஆட்டினேன். அந்த வாரத்தில், தமிழகம் முழுவதிலும் நாளொன்றுக்குப் பதிவான புதிய கொரோனா நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்நூறை ஒட்டியே இருந்தது. மே மாதம் 21-ஆம் தேதி அந்த எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டியது.

நோய் பரவிய அந்த இரண்டு ஆண்டுகளில் ‘அலை’ என்னும் பழந்தமிழ்ச் சொல் ஒரு புதிய பொருளையும் பெற்றுவிட்டது. கடற்கரையையே காணாத ஊர்களில்கூட, “முதல் அலையில அப்பா தப்பிச்சுட்டாரு, ரெண்டாவது அலையில போயிட்டாரு” என்று, ஒரு மரணத்துக்குத் தேதி குறிப்பதைப் போல ஜனங்கள் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். இதே சொல்லைக் கொண்டு காலத்தை அளந்துவரும் இன்னொரு சரித்திரமும் உண்டு. அது பெண்ணுரிமை இயக்கத்தின் சரித்திரம். அங்கேயும் முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்றுதான் கணக்கு. உயிரைக் குடிக்கும் ஒரு வியாதியையும், தாழ்த்தப்பட்டிருந்த மனித குலத்தின் ஒரு பாதி நிமிர்ந்தெழுந்த இயக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது தகுமா என்று வாசகர் கேட்கலாம். குணத்தால் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் விரோதமானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுவதும் தணிவதும் தணிந்தது போல இருந்து மறுபடியும் எழுவதுமான அந்த நடையிலேதான் அவற்றுக்குள் ஒற்றுமை இருக்கிறது. அலைகளின் உச்சியைப் பற்றி நூல்கள் ஏராளமாக இருக்கின்றன. இரண்டு அலைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தைப் பற்றி, அந்தக் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பற்றி, சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

கடலில் அலை கரையை நோக்கி ஓடி வருவதாகத் தோன்றினாலும், தண்ணீர் அவ்வளவு தூரம் ஓடி வருவதில்லை. வலையின் மேல் கட்டிய மிதப்பு, அலை வரும்போது ஏறி, அலை கடந்தபின் இறங்கி, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். நகர்ந்து வருவது உருவந்தான். அந்த உருவத்தை ஏற்று நிற்கும் நீர் இடத்துக்கு இடம் வேறு. கொள்ளைநோயின் அலைகளிலும் அப்படித்தான், படுக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்கள். இயக்கங்களிலும் அப்படித்தான், ஒரு தலைமுறை எழுப்பிய குரலை வேறொரு தலைமுறை, பல சமயங்களில் முன்னவர்களின் பெயரைக்கூட அறியாமல், எடுத்துச் செல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுக் காரியாலயத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்துவந்த வில்லியம் ஃபார் என்னும் அறிஞர், பெரியம்மையால் இறந்தவர்களின் கணக்கை வரிசைப்படுத்திப் பார்த்து, கொள்ளைநோய் தாறுமாறாக வந்து தாறுமாறாகப் போவதாக நமக்குத் தோன்றினாலும் அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறதென்று 1840-ஆம் ஆண்டில் எழுதினார். 1866-இல் அந்நாட்டு மாடுகள் கொள்ளைநோயில் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்து, எங்கும் பீதி பரவியிருந்தபோது, நோய் ஏறும் வேகம் குறைந்துவருவதைக் கணக்கிலிருந்தே கண்டுகொண்ட அவர், சீக்கிரத்தில் அது தணியுமென்று பத்திரிகைக்கு எழுதினார், அப்படியே தணிந்தது. ஆனால் ஏன் தணிகிறது என்பதற்குத் திருப்தியான கணித விளக்கம் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

அதைத் தந்தவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து உழைத்த இருவர். ஒருவர் ஆண்டர்ஸன் மக்கென்ட்ரிக். இந்திய மருத்துவ சேவையில் பல வருஷம் இருந்து, கசௌலியின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, உடல் நலிந்து தாய்நாடு திரும்பியவர். மற்றவர் வில்லியம் கெர்மாக். இரசாயனச் சோதனையின்போது நேர்ந்த விபத்தில் இருபத்தாறாம் வயதிலேயே இரு கண்களையும் இழந்தவர். அவர்கள் 1927-இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கள் சமன்பாட்டை உரைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட உரைகல், 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பம்பாய்த் தீவில் பிளேக் நோயால் வாரந்தோறும் மாண்டவர்களின் கணக்கு. நம் நாட்டின் ஒரு நகரத்தில் வீடு வீடாக விழுந்த பிணங்களின் எண்ணிக்கைதான், பார்வையிழந்த ஒரு கணித மேதையின் மனத்தில் ஏறி இறங்கும் ஒரு வளைகோடாக உருவெடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

அவர்கள் சொன்னதைச் சமையலறை வார்த்தையில் சொல்லிவிடலாம். நோய் நெருப்பானால் ஜனங்கள் விறகு. இன்னும் நோய் தொடாதவர்கள் காய்ந்த விறகு. நோய்ப்பட்டிருப்பவர்கள் எரியும் விறகு. படுத்து எழுந்தவர்களும் மாண்டவர்களும் இனிமேல் பற்ற முடியாத கரி. காய்ந்த விறகு நெருக்கமாகக் கிடக்கும் வரையில் ஒரு கொள்ளி இரண்டு மூன்றைப் பற்றவைக்கும். கரி பெருகப் பெருக, எரியும் கொள்ளிக்கு எட்டுகிற தூரத்தில் காய்ந்த விறகு அகப்படாமல் போகும். ஆகையால், எல்லா விறகும் எரிந்து தீர்வதற்கு முன்பே நெருப்பு அணைந்துவிடுகிறது. இதுதான் அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. அடுப்பு அணைந்தது என்பதனால் காய்ந்த விறகு மிச்சமில்லை என்று பொருளாகாது. எங்கோ ஒரு மூலையில் அது கிடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த மிச்சத்திலிருந்துதான் அடுத்த அலை பிறக்கிறது. தட்டம்மைக்குத் தடுப்பூசி வராத காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் அது பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து அடங்கியதற்குக் காரணம், ஒரு அலை போனபிறகு தொட்டில்களில் புதிய விறகு சேர அவ்வளவு காலம் பிடித்ததுதான். சில நோய்களில் உடம்பு பெற்ற காப்பு மெல்ல மங்கிவிடுகிறது. சில நோய்களில் கிருமி உருமாறி வந்து, கரியையும் பற்றவைக்கக் கற்றுக்கொள்கிறது. குளிரும் மழையும் ஜனங்களை ஒரே கூரைக்குக் கீழே நெருக்குவதும் உண்டு. இவை எல்லாவற்றிலும் பார்க்க எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: அச்சம் இருக்கும்போது விலகி நின்றவர்கள், அச்சம் நீங்கியதும் ஒருவரை ஒருவர் நாடி வருகிறார்கள். அதில் குற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணத்துக்குப் போகாமல், பேரக்குழந்தையைத் தூக்காமல், மனிதர் எத்தனை மாதம் இருப்பார்கள்?

1918-ஆம் ஆண்டின் விஷஜுரத்தைப் போல இவ்வளவையும் ஒருங்கே காட்டிய நோய் வேறில்லை. அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில், ஐரோப்பிய மகாயுத்தத்துக்குச் சிப்பாய்களைப் பயிற்றிய அமெரிக்க முகாம் ஒன்றில், கான்ஸாஸ் மாகாணத்து ஃபன்ஸ்டனில், காய்ச்சல் பரவியது. கோடையில் ஐரோப்பா முழுவதும் அது சுற்றியது. பெரும்பாலோர் சில நாள் படுத்து எழுந்தார்கள். யுத்தத்தில் ஈடுபட்ட தேசங்களின் பத்திரிகைகள் தணிக்கைக்கு அடங்கி வாய்மூடி இருந்தபோது, நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் தங்கள் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ படுத்தது உட்பட எல்லாவற்றையும் எழுதின. அதனால் வியாதி அங்கேதான் பிறந்ததென்று உலகம் எண்ணிக்கொண்டு ‘ஸ்பானிஷ் ஜுரம்’ என்று பெயரிட்டது. அந்த அநியாயப் பெயர் இன்றுவரை நீங்கவில்லை.

ஜூலையில் தணிந்தது. ஆகஸ்டு மாதத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன், பிரான்ஸின் பிரெஸ்ட், அமெரிக்காவின் பாஸ்டன் ஆகிய மூன்று துறைமுகங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அது மறுபடியும் தலைகாட்டியபோது, பழைய காய்ச்சல் தான் என்று அடையாளம் சொல்ல முடியாதபடி மாறியிருந்தது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த திடகாத்திரமானவர்கள், நுரையீரலில் நீர் கோத்து, முகம் நீலம்பாரித்து, சில தினங்களுக்குள் மாண்டார்கள். கோடைக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களோ இந்தத் தடவை பெரும்பாலும் தப்பினார்கள். உடம்பு தன் பகைவனை ஞாபகம் வைத்திருந்தது.

செப்டம்பர் 28-ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியா நகரத்தில் யுத்தக் கடன் பத்திரங்களுக்காக ஒரு மாபெரும் ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. நோய் நகரத்துக்குள் புகுந்துவிட்டதை மருத்துவர்கள் அறிவார்கள். நிறுத்திவிடுங்கள் என்று சிலர் மன்றாடினார்கள். ஊர்வலம் நடந்தது. வாத்தியங்கள் முழங்க, இரண்டு லட்சம் பேர் தெருவின் இருபுறமும் தோளோடு தோள் உரசி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றே நாளில் அந்நகரத்தின் ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஆறு வாரத்துக்குள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் கதை இன்னும் நம்முடைய கதையைப் போல இருக்கிறது. அந்த நகரத்தார் அக்டோபரில் முகக்கவசத்தைச் சட்டமாக்கி ஒழுங்காக அணிந்தார்கள். நோய் தணிந்ததும், நவம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் நகரமெங்கும் ஊதல்கள் ஒலிக்க, அந்தக் கணத்திலேயே ஜனங்கள் கவசங்களைக் கழற்றித் தெருவில் வீசி ஆரவாரித்தார்கள். நடைபாதையெல்லாம் வெள்ளைத் துணிகள் கிடந்தனவாம். ஜனவரியில் மூன்றாவது அலை வந்தது. மறுபடியும் அணியுங்கள் என்று உத்தரவு பிறந்தபோது, முன்பு கீழ்ப்படிந்த அதே நகரத்தில் ‘முகக்கவச எதிர்ப்புச் சங்கம்’ ஒன்று தோன்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடிக் கண்டனம் முழங்கினார்கள். ஒரு தடவை விடுதலை கொண்டாடிவிட்ட மனிதனை மறுபடியும் கட்டுக்குள் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை நாமும் கண்ணாரக் கண்டோம்.

இதற்கு நேர்மாறாகப் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு காட்சி. அமெரிக்க ஸமோவாவின் கவர்னர் ஜான் பாயர் எந்தக் கப்பலையும் தடங்கலின்றிக் கரைசேர விடாமல் காவல் போட்டார். அங்கே ஒரு மரணம்கூட நிகழவில்லை. பக்கத்துத் தீவான மேற்கு ஸமோவாவில், நவம்பர் 7-ஆம் தேதி ‘தலூன்’ என்ற கப்பலை நோயாளிகளோடு துறைமுகத்துக்குள் அனுமதித்தார்கள். சில வாரங்களில் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு மடிந்தது.

நம் நாட்டுக்கு அந்த ஜுரம் 1918 ஜூனில் பம்பாய் வழியாக வந்து, லேசாகத் தொட்டுவிட்டுப் போய், செப்டம்பரில் அதே வாசல் வழியாகவே திரும்பி வந்தது. அந்த வருஷம் பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, ஏழைகள் அரைவயிற்றோடு இருந்த சமயம். ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 1921-ஆம் ஆண்டு எடுத்த ஜனத்தொகைக் கணக்கில், முந்தைய கணக்கைவிடத் தொகை குறைந்து காணப்பட்டது. நவீன இந்தியாவின் கணக்கெடுப்புகளில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு தடவைதான். இன்னொன்றும் அந்நாளைய கணக்குகள் காட்டுகின்றன. இந்தியாவில் ஆண்களைக் காட்டிலும் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். கடைசிப் பந்தியில் மிச்சத்தை உண்டு, முதல் ஆளாக எழுந்து நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

அந்த நோயின் இரண்டாவது அலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த அதே வாரங்களில் தான், அமெரிக்கப் பெண்களின் எழுபதாண்டுப் போராட்டமும் தன் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் அரசியல் சட்டத் திருத்தம், அக்டோபர் 1-ஆம் தேதி ஸெனட் சபையில் இரண்டே வாக்குக் குறைவால் தோற்றது. நவம்பர் தேர்தலில் சில மாகாணங்களில் அந்தக் கேள்வியை நேரடியாக வாக்காளர் முன் வைக்க ஏற்பாடாகியிருந்தது. ஆனால் கூட்டம் கூட்டக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, தேவாலயம் மூடல், பள்ளிக்கூடம் மூடல். தலைவியாகிய கேரி சாப்மன் காட் அம்மையாரே ஜுரத்தில் படுத்துவிட்டார். கடிதங்களும் பத்திரிகைகளும் மட்டுமே கைவசம் இருந்த நிலையிலும், மிச்சிகன், தெற்கு டகோட்டா, ஓக்லஹோமா ஆகிய மூன்று மாகாணங்களில் பெண்கள் வென்றார்கள். அத்தனை வருஷங்களாக மனத்தில் விதைத்து வைத்தது, கூட்டம் இல்லாத ஒரு தேர்தலிலும் முளைத்தது.

அந்த விதை ஊன்றிய நாள் 1848-ஆம் ஆண்டு ஜூலை 19. நியூயார்க் மாகாணத்தில் ஸெனெகா ஃபால்ஸ் என்னும் சிற்றூரில், எலிஸபெத் கேடி ஸ்டான்டன், லுக்ரீஷியா மாட் முதலியவர்கள் ஒரு மகாநாடு கூட்டினார்கள். பக்கத்து ஊரில், வீட்டுக்குள் உட்கார்ந்து கூலிக்குக் கையுறை தைத்துக்கொண்டிருந்த ஷார்லட் உட்வர்ட் என்னும் இளம்பெண், பத்தொன்பது வயதை ஒட்டியவள், விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தோழிகளோடு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டாள். முதலில் சாலையில் அவர்கள் வண்டி மட்டுந்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு வண்டி, அதிலும் பெண்கள். ஒவ்வொரு நாற்சந்தியிலும் வேறு வேறு வண்டிகள் வந்து கலந்துகொள்ள, ஊரை நெருங்குவதற்குள் அது ஓர் ஊர்வலமாகிவிட்டதென்று பிற்காலத்தில் அவள் சொன்னாள். அலையொன்று எழும்போது அதற்குள் இருக்கும் ஒரு துளிக்கு எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியத்தை நான் படித்ததில்லை. தனியாகத்தான் புறப்பட்டோம் என்று எண்ணினவள், தன்னைப் போலவே தனியாக எண்ணிக்கொண்டு புறப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைச் சாலையில் கண்டுகொண்டாள். மகாநாட்டின் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டார்கள். வாக்குரிமை கேட்கும் தீர்மானம் மட்டும் அங்கே வந்தவர்களுக்கே அதிகப்படியாகத் தோன்றிற்று. அடிமைத் தளையிலிருந்து தப்பிவந்தவரான ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசிய பிறகே அது நிறைவேறியது.

நிறைவேறிய தீர்மானம் சட்டமாவதற்கு 72 ஆண்டுகள் ஆயின. திருத்தத்துக்கு மாகாணங்களின் ஒப்புதல் பெறும் கடைசிக் கட்டம் 1920 ஆகஸ்டில் டென்னஸீ மாகாணச் சட்டசபையில் நடந்தது. ஆதரிப்பவர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜாவும் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். இருபத்துநாலு வயதான ஹாரி பர்ன் என்னும் உறுப்பினரின் மார்பில் சிவப்பு ரோஜா இருந்தது. சட்டைப்பையில், பெண்களுக்கு ஆதரவாக வாக்களிக்கும்படி அவருடைய தாய் எழுதிய கடிதம் இருந்தது. பெயரைக் கூப்பிட்டபோது அவர் ஆதரித்துச் சொன்னார். திருத்தம் நிறைவேறியது.

பெண்ணுரிமைச் சரித்திரத்துக்கு அலை என்னும் உபமானம் எப்போது வந்தது என்று தேடினால், 1884-ஆம் ஆண்டிலேயே ஃபிரான்ஸஸ் பவர் காப் என்னும் ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர், இயக்கங்களைக் கடலின் ஏற்றத்தோடு ஒப்பிட்டு எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஆனால் எண் போட்டுச் சொல்லும் வழக்கம் 1968-இல் மார்த்தா வைன்மன் லியர் என்பவர் ஒரு நியூயார்க் பத்திரிகையில் ‘இரண்டாவது அலை’ என்று எழுதியதிலிருந்து பரவியது. இரண்டாவது என்று ஒன்று பிறந்த பிறகே, முன்பு நடந்ததற்கு ‘முதல் அலை’ என்ற பெயர் ஏற்பட்டது. 1963-இல் வெளிவந்த பெட்டி ஃப்ரீடனின் புத்தகமும், 1966-இல் தோன்றிய தேசியப் பெண்கள் ஸ்தாபனமும், சம கூலிக்கும் சம கல்விக்குமான சட்டங்களும் இந்த இரண்டாம் அலையில் அடக்கம். 1992-இல் ரெபெக்கா வாக்கர் மூன்றாவது அலையைப் பிரகடனம் செய்தார். 2017-இல் உலகெங்கும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் அக்கிரமங்களை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியதை நான்காவது என்கிறார்கள்.

இந்த எண்கள் எல்லாக் கரைக்கும் பொருந்தா என்பதை மறந்துவிடக்கூடாது. 1913-இல் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினத்துப் பத்திரிகையாசிரியர் ஐடா பி. வெல்ஸை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். அவர் இணங்காமல், நடுவழியில் தம் மாகாணத்துப் பெண்களின் வரிசையில் வந்து சேர்ந்து நடந்தார். 1920-ஆம் ஆண்டின் வெற்றி தென்மாகாணங்களின் கறுப்பினப் பெண்களுக்குக் காகிதத்தில் மட்டும் கிடைத்தது. வாக்குச்சாவடிக்குள் அவர்கள் தடையின்றி நுழைய 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நம் சென்னையை எடுத்துக்கொண்டால், 1917-இல் அடையாற்றில் மார்கரெட் கஸின்ஸ், டோரதி ஜினராஜதாஸ, அன்னி பெஸன்ட் அம்மையார் ஆகியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடுவின் தலைமையில் ஒரு தூதுக்குழு, பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு துரையைச் சென்னையிலேயே சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை, பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவதாக, பெண் என்பதனாலேயே வாக்கு இல்லை என்ற தடையை நீக்கியது. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் துணைத்தலைவராக அமர்ந்து, பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வழக்கத்தை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. மேல்நாட்டுக் கணக்குப்படி 1920-க்கும் 1960-க்கும் இடைப்பட்டது வெறும் பள்ளம். அதே ஆண்டுகளில் நம் கரையில் அலை உயர்ந்து நின்றது.

இப்போது பள்ளத்துக்கு வருகிறேன். நோயின் அலை ஏன் தணிகிறது? உடம்புகள் ஞாபகம் வைத்துக்கொள்வதால் தணிகிறது. ஏன் மறுபடி எழுகிறது? அந்த ஞாபகம் மங்குவதாலோ, ஞாபகம் இல்லாத புதியவர்கள் சேர்வதாலோ, அல்லது நாம், மனத்தாலும் பழக்கத்தாலும், மறந்துவிடுவதாலோ எழுகிறது. இயக்கத்தில் இது தலைகீழாக நிகழ்கிறது. அங்கே மறதியால் அலை தணிகிறது. யாரோ சிலர் ஞாபகத்தைக் காத்து வைத்திருந்தால்தான் மறுபடி எழுகிறது. ஆகவே நோயின் பள்ளத்தில் ஜாக்கிரதையாக இருப்பவனும், இயக்கத்தின் பள்ளத்தில் விளக்கை அணையவிடாமல் இருப்பவளும் செய்வது ஒரே காரியம். சுற்றியிருப்பவர்கள் இருவரையும் பார்த்து, முடிந்துபோனதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே என்று சொல்வதும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் 1920-இல் வாக்கு கிடைத்தவுடன், காரியம் முடிந்ததென்று பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். ஆலிஸ் பால் திரும்பவில்லை. வெள்ளைமாளிகை வாசலில் மறியல் செய்து, சிறை சென்று, உண்ணாவிரதம் இருந்தவர் அவர். 1923-இல், ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தில் சமத்துவம் கோரும் திருத்தம் ஒன்றை அவருடைய தேசியப் பெண்கள் கட்சி காங்கிரஸ் மகாசபைக்குக் கொண்டுபோயிற்று. கூடிய மகாசபை ஒவ்வொன்றிலும் அதை மீண்டும் மீண்டும் கொண்டுபோயிற்று. உறுப்பினர் தொகை சுருங்கியது; இருந்தவர்களுக்கு வயதாயிற்று; புதியவர்கள் வரவில்லை. லீலா ரப், வெர்ட்டா டெய்லர் என்னும் இரு பேராசிரியைகள் அந்த ஆண்டுகளை ஆராய்ந்து 1987-இல் எழுதிய நூலுக்கு, பாய்மரக் கப்பல்கள் காற்றில்லாமல் அசையாது நிற்கும் கடற்பகுதியின் பெயரை வைத்தார்கள். கப்பல் நின்றது உண்மைதான். ஆனால் மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்கவில்லை. 1964 பிப்ரவரியில், நிறத்தைக் காரணமாக வைத்து வேலை மறுக்கக்கூடாது என்னும் மசோதா விவாதத்துக்கு வந்தபோது, ‘பாலினம்’ என்ற ஒரு சொல்லையும் அதில் சேர்க்கும்படி மகாசபை உறுப்பினர்களிடம் நடையாய் நடந்தவர்கள் அந்தக் கட்சியின் மூதாட்டிகள். ஆலிஸ் பாலுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. சொல் சேர்ந்தது. சட்டமாகியும் அந்தச் சொல்லை அதிகாரிகள் அலட்சியம் செய்தார்கள் என்ற கோபத்திலிருந்துதான் 1966-இல் பெட்டி ஃப்ரீடன் முதலியோரின் ஸ்தாபனம் தோன்றியது. இரண்டாம் அலை என்று நாம் பேர் வைத்தது, நாற்பதாண்டுப் பள்ளத்தில் கட்டிக்காத்த ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு எழுந்தது.

கையுறை தைத்த ஷார்லட் என்ன ஆனாள் என்று சொல்லவில்லையே. ஸெனெகா ஃபால்ஸ் பிரகடனத்தில் கையொப்பமிட்ட நூறு பேரில், 1920-இல் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டிருந்தார். அந்த நவம்பரில், தம் நாட்டின் பெண்கள் கூட்டங்கூட்டமாக வாக்குச்சாவடிக்குப் போன தினத்தில், அவர் நோயுற்றிருந்தபடியால் போக முடியவில்லை. மறு வருஷம், ஆலிஸ் பாலின் கட்சி வாஷிங்டனில் தனக்கென்று தலைமையகம் அமைத்தபோது, பயணம் செய்ய இயலாத அந்த அம்மையார் ஒரு பரிசு அனுப்பிவைத்தார். அஸ்திவாரக் கல் நடுவதற்காகக் கொத்தனார் கையாளும் கரணை அது. 1848-ஆம் ஆண்டு மகாநாட்டின் நினைவாக, அதில் எஞ்சியிருக்கும் ஒரே ஒருத்தி தருவதென்றும், அன்று தொடங்கிய போராட்டத்தை இனி நடத்திச் செல்லப்போகிறவர்களுக்கு உரியதென்றும் அதில் பொறித்திருந்தது.